மேஜையைக் கவிழ்க்கச் சொன்ன அக்கா

அன்று ஆஸ்பத்திரி வாசலில் அக்கா அழுதது நிஜ அழுகைதானா? இதற்கு விடை தெரிந்திருந்தால் நான் பேனாவையே எடுத்திருக்க மாட்டேன்.

அந்த அக்கா ஓசூரில் எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருந்தவர். இப்போது பெங்களூரில் இருக்கிறார். என் மகள் வசந்தியை மே மாத விடுமுறைக்குத் தன்னிடம் அனுப்பச் சொல்லி ஆள் மூலம் கேட்டிருக்கிறார். அன்றைய அழுகை நிஜமென்றால் நிம்மதியாக அனுப்பிவிடுவேன். நடிப்பென்றால் யோசிக்க வேண்டும். "நடிப்புன்னாலும் அனுப்பலாம், ஒரு மாசம் வீடு அமைதியா இருக்கும்" என்கிறார் என் கணவர். அவருக்கு எல்லாமே எளிது. நான்தான் மூன்று வாரமாக உப்புப் போட்ட குழம்புக்கு மறுபடியும் உப்புப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அக்காவின் பெயரை எழுத வேண்டாம் என்று சொன்னவரும் என் கணவர்தான். எழுதினாலும் பயனில்லை. அது அக்காவின் நிஜப் பெயர்தானா என்பதே எனக்குச் சந்தேகம்.

நாங்கள் இருந்தது நாலு குடித்தன வீடு. நடுவில் முற்றம், முற்றத்தில் கிணறு. முதல் போர்ஷனில் வீட்டுக்காரம்மா. அவர் வீட்டில் பேசுவது தெலுங்கு. இரண்டாவதில் நாங்கள். என் கணவருக்கு லாரி பார்சல் ஆபீசில் புக்கிங் கிளார்க் வேலை. மூன்றாவதில் ஜமீலா. அவள் கணவர் பெங்களூரில் துணி எடுத்து வந்து சூளகிரிச் சந்தையில் விற்பவர். நாலாவது போர்ஷன் காலியாகக் கிடந்தது. அங்கேதான் அக்கா ஒரு நாள் வந்து இறங்கினார், டிரைவரான தன் கணவரின் லாரியிலேயே. லாரியின் டீசல் டாங்கில் கறுப்பாக, பெரிதாக ஓர் இஸ்பேட் ஆஸ் சீட்டு வரைந்திருந்தது.

வீட்டுக்காரம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஏமிதி? இதென்னா படம்?" என்று கேட்டார்.

"அது எங்க குலதெய்வம்மா" என்றார் அக்கா. முகத்தில் ஒரு சுருக்கமில்லை.

வீட்டுக்காரம்மா பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார். அக்காவின் கழுத்தில் தொங்கிய மாதா பதக்கம் அதற்குப் பிறகுதான் அவர் கண்ணில் பட்டது. ஜமீலா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள். எங்கள் முற்றத்தில் சிரிப்பு ஆரம்பமானது அன்றுதான்.

அக்காவின் முகம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருக்கும். நல்ல செய்தி, கெட்ட செய்தி எதுவும் அதில் ஒட்டாது. பாதி மூடிய கண், வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. எனக்கோ நேர்மாறு. சோறு குழைந்தால்கூட அது என் முகத்தில் தெரிந்துவிடும், என் கணவர் செருப்பைக் கழற்றும்போதே "என்ன, குழைஞ்சிடுச்சா?" என்று கேட்பார். அக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வது இதுதான்:

"மொகத்தைச் சாத்து மேன். உள்ள இருக்கிற சாமானெல்லாம் வெளிய தெரியுது."

ஆணோ பெண்ணோ, யாராயிருந்தாலும் அவருக்கு 'மேன்'தான். பெங்களூரில் தண்டு என்கிற கன்டோன்மென்ட் பக்கத்தில் அப்படித்தான் பேசுவார்களாம். தண்டில் ஓர் இங்கிலீஷ் படக் கொட்டகையில் பெண்கள் பகுதியில் டார்ச் அடித்து இடம் காட்டும் வேலை பார்த்ததாகச் சொல்வார். ஜமீலாவின் கணவர் பெங்களூர் முழுக்க அலைபவர். "அந்தக் கொட்டாய்ல பொம்பளைங்களை வேலைக்கே வெக்கிறதில்லையே" என்றார் அவர். அக்காவிடம் கேட்டோம். "அப்ப நான் ஒரு கர்னல் வீட்டுல ஆயாவா இருந்தேன். அவங்க பசங்களோட போய்ப் படம் பாத்தேன்" என்றார், கொஞ்சமும் அசராமல்.

"ரெண்டுல எதுக்கா நிஜம்?"

"நீ எதுக்குப் பந்தயம் கட்டுற, சொல்லு."

எது நிஜமோ, குதிரைப் படங்களை அவர் கணக்கில்லாமல் பார்த்திருந்தார் என்பது மட்டும் நிஜம். பெரிய தொப்பி, இடுப்பில் துப்பாக்கி, சாராயக் கடைக் கதவை உதைத்துத் திறந்துகொண்டு வருவது, எல்லாவற்றையும் செய்து காட்டுவார். எங்கள் முற்றத்துக்குக் கதவில்லாததால் ஜமீலாவும் நானும் ஆளுக்கொரு பழைய புடவையைப் பிடித்துக்கொண்டு கதவாக நிற்போம். அந்தப் படங்களில் அவருக்கு மிகவும் பிடித்தது சீட்டாட்டம். அதன் பெயர் போக்கர்.

போக்கர் ஆடிய ஒருவரைக்கூட நாங்கள் கண்ணால் கண்டதில்லை. ரம்மி தெரியும், கழுதை தெரியும். ஆனால் அந்த ஆட்டம் ஏற்கெனவே ஊரெல்லாம் பரவித்தான் இருந்தது. பஸ் ஸ்டாண்டு சலூன் சுவர்ப் படத்தில் தொப்பிக்காரன் ஒருவன் சீட்டுகளை விசிறியாகப் பிடித்துக்கொண்டிருப்பான். தமிழ்ப் படத்திலும் வில்லன் கட்டம் போட்ட கோட்டோடு சீட்டுக் கட்டைக் கலைத்துக்கொண்டுதான் வருகிறான். அந்த ஆட்டத்துக்கு விதி என்ன என்று சொல்லத்தான் ஊரில் ஆளில்லை. அக்கா சொன்னார்.

அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. திரையில் கண்ணால் பார்த்ததையெல்லாம் விதியாக்கி வைத்திருந்தார். ஆளுக்கு ஐந்து சீட்டு. பிடிக்காததைக் கொடுத்துவிட்டு வேறு வாங்கலாம். பயந்தால் 'பாஸ்' சொல்லி விலகலாம். பயப்படாதவர்கள் பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். கையில் ஒன்றுமில்லாமலே இருப்பதுபோல் ஏற்றி ஏமாற்றினால் அதற்குப் பெயர் 'பிளஃப்'. கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினால் ஒருவரை ஒருவர் கண்கொட்டாமல் பார்க்க வேண்டும். இதுதான் முக்கியம். முதலில் சிரிப்பவரோ கண்ணை எடுப்பவரோ தோற்றார். இருவரும் அசையாவிட்டால் 'ஷோ' சொல்லிச் சீட்டைக் காட்டச் சொல்லலாம். ஷோ என்றால் யாராயிருந்தாலும் காட்டியே ஆக வேண்டும், பொய் கூடாது. ஆட்டம் முடிந்ததும் தோற்றவர் எழுந்து நின்று மேஜையைக் கவிழ்க்க வேண்டும்.

"என்னாத்துக்குக்கா கவுக்கணும்?" என்றாள் ஜமீலா.

"ரூல் மேன். எந்தப் படத்துல வேணா பாரு, ஆட்டம் முடிஞ்சதும் ஒருத்தன் மேஜையைக் கவுக்கிறான். கவுக்காத படம் ஒண்ணு காட்டு, நான் ஒத்துக்கிறேன்."

நாங்கள் யாரும் குதிரைப் படம் பார்த்ததில்லை. ஒத்துக்கொண்டோம். பிற்பாடு என் கணவரின் ஆபீசுக்கு வந்த ஒரு மிலிட்டரிக்காரர், அப்படி ஒரு விதியே கிடையாது என்று வயிறு வலிக்கச் சிரித்தாராம். அது எங்களுக்குத் தெரியும்போது எங்கள் முற்றத்தில் எத்தனையோ மேஜைகள் கவிழ்ந்து முடிந்திருந்தன.

எங்கள் மேஜை வீட்டுக்காரம்மாவின் பழைய முறம். பந்தயத்துக்குப் புளியங்கொட்டை. பெரிய பந்தயத்துக்குக் குன்றிமணி. ஆண்கள் வேலைக்குப் போனதும் கிணற்றடியில் நாலு பேரும் உட்காருவோம். குழந்தைகள் சுற்றி நிற்கும். வீட்டுக்காரம்மாவுக்கு ஜெயிப்பதில் கொஞ்சமும் ஆசை கிடையாது. கவிழ்ப்பதில்தான் ஆசை. நல்ல சீட்டு வந்தால்கூட வேண்டுமென்றே சிரித்துத் தோற்றுவிட்டு, "தேவுடா!" என்று எழுந்து முறத்தை அவர் ஒரு தட்டுத் தட்டினால் கொட்டைகள் கிணறு வரைக்கும் பறக்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த அம்மா ஒரு டம்ளரைக்கூடச் சத்தமாக வைத்ததில்லையாம். மழைக்காலம் வந்ததும் முற்றமெங்கும் புளியங்கன்று முளைத்தது. "இதென்ன, வீட்டுக்குள்ள தோப்பு வெக்கிறியா?" என்று அவர் கணவர் கேட்டபோது, அந்த அம்மா முகத்தை அழகாகச் சாத்திக்கொண்டு, "காக்கா போட்டுச்சு போல" என்றார். சுவருக்கு இந்தப் பக்கம் அக்கா, "பிரமாதம் மேன்" என்று முணுமுணுத்தார்.

எனக்கு மட்டும் முகத்தைச் சாத்த வரவேயில்லை. ராணி வந்தால் புருவம் ஏறிவிடும். எண் சீட்டு வந்தால் உதடு தொங்கிவிடும். ஆனால் பேச்சு ஒட்டிக்கொண்டது. ஒரு நாள் காலை என் கணவர், "வெந்நீர் எடுத்து வை" என்று குரல் கொடுத்தார். மாவு கரைத்துக்கொண்டிருந்த நான், "பாஸ்" என்று சொல்லிவிட்டேன். அவர் எட்டிப் பார்த்து, "யாரு பாஸ்? எந்தப் பரீட்சையில?" என்றார். நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள், மாமனார் மாமியார் சொல்லைத் தட்டாதவள். பட்டப்பகலில் சீட்டாடுகிறேன் என்று எப்படிச் சொல்வது? அன்று மாலையே சொல்லிவிட்டேன். சொல்லாமலும் இருக்கலாமே என்று அப்புறம் தோன்றியது. அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்த முறத்தை நீ எத்தனை தடவை கவுத்திருக்கே?"

அக்காவின் ஆட்டம் முற்றத்தோடு நின்றதில்லை. அவரை நான் கொஞ்சம் பயத்தோடு பார்க்கத் தொடங்கியது ஒரு பஸ் பயணத்தில். அப்போது அரிசிக்குக் கெடுபிடி. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகக் கூடாது. எல்லையில் பஸ்ஸை நிறுத்தி, பையைத் திறந்து பார்ப்பார்கள். பெங்களூரில் என் நாத்தனாரைப் பார்க்க வசந்தியோடு போனேன். அக்காவும் தண்டுக்கு வந்தார். என் பையில் குழந்தையின் கவுன்களும் ஒரு டப்பா முறுக்கும். அக்காவின் மடியில் ஒரு துணிப்பை, நன்றாகப் புடைத்துக்கொண்டிருந்தது. அதில் என்ன என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முந்தின நிறுத்தத்திலேயே இறங்கியிருப்பேன்.

போலீஸ்காரர் ஏறினார். அக்காவிடம் வந்து, "பையில என்னாம்மா?" என்றார்.

"அரிசி" என்றார் அக்கா, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே. "ஆறு படி."

போலீஸ்காரர் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு, "கிண்டலா? இதுக்கு மட்டும் குறைச்சலில்ல" என்று சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். என் முகத்தில் அவர் எதைக் கண்டாரோ, என் பையைக் கவிழ்த்து, கவுன்களை ஒவ்வொன்றாக உதறி, முறுக்கு டப்பாவுக்குள் கைவிட்டு அடிவரை துழாவினார். பஸ்ஸே என்னைப் பார்த்தது. வண்டி எல்லையைத் தாண்டிய பிறகுதான் அக்கா பையை லேசாகத் திறந்து காட்டினார். அரிசிதான்.

"நிஜத்தைச் சொல்றதுதான் மேன் பெரிய பிளஃப். ஒருத்தனும் நம்ப மாட்டான்."

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே பயமும். நிஜத்தையே பொய் மாதிரி சொல்லத் தெரிந்தவரிடம் நிஜத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? என்னைத் திகைக்க வைத்தது இன்னொன்று. என் மடியில் இருந்த வசந்தி ஒரு வார்த்தை பேசவில்லை, சிரிக்கவில்லை. முகம் அக்காவின் முகம் மாதிரியே சாத்தியிருந்தது. அவளுக்கு அப்போது ஐந்து வயது.

குழந்தைகளில் இந்த வித்தையை முழுதாகப் பிடித்துக்கொண்டவள் அவள்தான். அடுத்த ஆனியில் அவளைக் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளியில் சேர்க்க அழைத்துப்போனோம். அங்கே இடம் கிடைப்பது கஷ்டம். தலைமைக் கன்னியாஸ்திரீயான மதரே குழந்தையிடம் பேசிப் பார்த்துத்தான் சேர்ப்பார். நான் ஒரு மாதமாக நிறங்கள், விலங்குகள், வாரத்தின் நாட்கள் எல்லாம் உருப்போட வைத்திருந்தேன். மாதா கோயில் பூசைக்குப் போகிறவர், மதருக்குத் தெரிந்தவர் என்பதால் அக்காவையும் துணைக்குக் கூப்பிட்டேன். கூப்பிட்டிருக்க வேண்டுமா என்று இன்றும் யோசிக்கிறேன்.

மதர் பெரிய மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடியை இறக்கி வசந்தியை உற்றுப் பார்த்தார். வசந்தியும் அவரை உற்றுப் பார்த்தாள். "உன் பேர் என்ன?" என்றார் மதர். பதில் இல்லை. கண்கொட்டவில்லை. நான் பின்னாலிருந்து கிள்ளினேன். அசையவில்லை. மதர் விடுவாரா? அவரும் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் மதரின் உதடு ஓரம் துடித்து, சிரித்துவிட்டார்.

வசந்தி உடனே முன்னால் போய், மேஜை மேலிருந்த மைக்கூட்டை இரண்டு கையாலும் பத்திரமாக எடுத்துக்கொண்டாள். மரியாதையாகச் சொன்னாள்:

"நீங்க தோத்துட்டீங்க மதர். மேஜையைக் கவுத்துக்கலாம்."

நான் செத்தேன். மதருக்குச் சிரிப்பு அடங்க நேரமானது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இந்தப் பிள்ளைக்கு இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது?" என்றார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா சுவரில் இருந்த புனிதர் படத்தைப் பார்த்துக்கொண்டு, "தெரியலையே மதர். அக்கம் பக்கம் சரியில்ல போல" என்றார்.

இடம் கிடைத்துவிட்டது. பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும் மூன்று பேரும் நடுத்தெருவில் நின்று சிரித்தோம். மாட்டுவண்டிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "என்னாங்கம்மா ஆச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சிரித்தேனே தவிர, அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பெயர் கேட்டால்கூடச் சொல்லாத பெண், நாளைக்கு ஒரு வலி வந்தால் சொல்வாளா?

சொல்லவில்லை.

அந்த ஆடி மாதம் அது. கிணற்றடியில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரம்மாவும் அக்காவும் கடைசியாக மிஞ்சியிருந்தார்கள். முறம் நிறையப் புளியங்கொட்டை. வசந்தி என் தோளில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அக்கா தன் சீட்டுகளை முகம் தெரியும்படி கீழே போட்டார். இரண்டு ராஜாக்கள். ஜெயிக்கிற கையை அவர் அப்படிப் போட்டு நாங்கள் பார்த்ததே இல்லை.

"ஏமே, என்னாச்சு?" என்றார் வீட்டுக்காரம்மா.

அக்கா வசந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இவ மொகம் ரொம்ப நல்லா இருக்கு மேன். இவ்ளோ நல்லா இருக்கக் கூடாது. பாப்பா, இங்க வா."

நான் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எப்போதும்போலத்தான் இருந்தாள். காலையில் தலை வாரும்போதும் அப்படித்தான் இருந்தாள்.

"என்ன வச்சிருக்க?" என்றார் அக்கா.

"ஒண்ணுமில்ல."

"ஷோ."

ஷோ என்றால் காட்டியே ஆக வேண்டும். அவள் தலையைச் சாய்த்து, வலது காதைக் காட்டினாள். உள்ளே, ஆழத்தில், சிவப்பாக ஏதோ மின்னியது. குன்றிமணி. படத்தில் திருட்டு ஆட்டக்காரன் சட்டைக் கைக்குள் சீட்டை ஒளிப்பான் என்று அக்கா எப்போதோ சொல்லியிருக்கிறார். வசந்தியின் கவுனுக்குக் கை கிடையாது. அதனால் காதில் ஒளித்திருக்கிறாள். வலித்துக்கொண்டே இருந்திருக்கிறது. காதுக்குள் மணியைச் சுற்றி வீங்கிவிட்டது. முகத்தைச் சாத்திக்கொண்டு பள்ளிக்கும் போய் வந்திருக்கிறாள்.

நான் கொண்டை ஊசியை எடுத்தேன். அக்கா என் கையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். ஊசி கிணற்றுக்குள் போனது. அடுத்த நிமிடம் அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தார். நடந்தாரா, ஓடினாரா? செருப்பைக்கூடப் போடவில்லை. நான் பின்னால் ஓடினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அஞ்செட்டிப் பக்கம் முகாமாம். போனால் திரும்பிவர இருட்டிவிடும். "நாளைக்கு வாங்கம்மா" என்றார் கம்பவுண்டர். அப்போதுதான் அக்கா அழுதார். குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு ஜீப்பின் முன்னால் போய் நின்று, "ஐயா, என் குழந்தைங்கய்யா, எனக்கு இது ஒண்ணுதாங்கய்யா" என்று வாய்விட்டு அழுதார். மூக்கு ஒழுக, முகம் கோணிக்கொண்டு, பார்க்கச் சகிக்காத அழுகை. டாக்டர் இறங்கி வந்தார்.

கொஞ்ச நேரத்தில் வேலை முடிந்தது. குன்றிமணி ஒரு கிண்ணத்தில் டங்கென்று விழுந்தது. "யாரும் குத்தி நோண்டாம கூட்டிட்டு வந்தீங்களே, அதுவே பெரிய காரியம். இல்லன்னா செவிப்பறை போயிருக்கும்" என்றார் டாக்டர். வசந்தி அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்றால் நம்புவீர்களா?

திரும்பி வரும் வழியில் அக்காவின் முகம் பழையபடி கழுவிய தட்டு. கிராம்பு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "பாத்தியா மேன்? ஜீப்பே நின்னுடுச்சு. என் வாழ்க்கையிலேயே பெரிய பிளஃப் இதுதான்" என்றார்.

நானும் சிரித்தேன். ஆனால் வீட்டு வாசலில் அவர் குழந்தையை இறக்கி, அவிழ்ந்துபோன ரிப்பனைக் கட்டிவிடக் குனிந்தார். முடிச்சு விழவில்லை. மறுபடி முயன்றார். விழவில்லை. என்னை நிமிர்ந்து பார்க்காமல், "நீயே கட்டு மேன், எனக்கு உலை வெக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்று மாலை அவர் வீட்டுக் கூரையில் புகை வரவில்லை.

அந்த அழுகை நிஜமா என்று கேட்டுவிட வேண்டும் எனப் பல நாள் நினைத்தேன். ஷோ சொன்னால் காட்டித்தான் ஆக வேண்டும், அது அவருடைய விதிதானே. ஒரு தடவை வாய்வரைக்கும் வந்தது. அவர் என்னை அந்தப் பாதிக் கண்ணால் பார்த்தார். நான் வேறு ஏதோ பேசிவிட்டேன். அடுத்த வருஷம் அவர் கணவருக்குப் பெங்களூரிலேயே வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். போகும்போதும் முகத்தில் ஒன்றுமில்லை. அழுது தீர்த்தவர் வீட்டுக்காரம்மாதான்.

இது நடந்து இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. எனக்கு இப்போது கைக்குழந்தை ஒன்றும் இருக்கிறது. போன மாதம் ஜமீலாவின் கணவர் துணி எடுக்கப் போன இடத்தில் அக்காவைப் பார்த்தாராம். அவர் மூலம்தான் இந்தச் செய்தி வந்தது.

"பாப்பாவை மே மாசம் அனுப்பச் சொன்னாங்க. புதுசா குதிரைப் படம் வருதாம்."

"வேற என்னண்ணா சொன்னாங்க?"

"வலது காது நல்லாக் கேக்குதான்னு கேட்டாங்க. ரெண்டு தடவை கேட்டாங்க."

"கேக்கறப்ப மொகம் எப்படி இருந்துச்சுண்ணா?"

அவர் யோசித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அந்தம்மா மொகத்துல என்னாத்தம்மா தெரியும்?"

வசந்தியிடம் கேட்டேன். "பெங்களூர் போறியா?" சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். ஆசையா, பயமா, என்னை விட்டுப் போக மனமில்லையா, ஒன்றும் தெரியவில்லை. "நீ சொல்றதும்மா" என்று சொல்லிவிட்டு மோர் கேட்டாள். என் வயிற்றில் பிறந்த பெண்ணின் முகத்தைப் படிக்க எனக்குத் தெரியவில்லை. அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் பெங்களூரில் இருக்கிறார். அனுப்பினால் இவள் முகம் இன்னும் இறுகிவிடுமோ என்று பயம். அனுப்பாவிட்டால், மறுபடி ஏதாவது ஒளித்து வைத்தால் கண்டுபிடிக்க ஆள் இல்லையே என்று பயம். அக்காவுக்குப் பிள்ளை இல்லை என்பதையும் நினைக்கிறேன். நினைத்தால் அனுப்பத் தோன்றுகிறது, உடனே அதனாலேயே அனுப்பப் பயமாகவும் இருக்கிறது. இப்படி நினைப்பதற்கு என்மேலேயே கோபம் வருகிறது.

நேற்று அவளுடைய கவுன்களை மடித்துப் பெட்டியில் வைத்தேன். இன்று காலை எடுத்து மறுபடி கொடியில் போட்டேன். இதை எழுத உட்காருமுன் திரும்பவும் பெட்டியில் வைத்துவிட்டேன். என் கணவர் பார்த்துவிட்டு, "துணி கிழிஞ்சிடப் போகுது" என்கிறார். பெண் குழந்தைகளை வளர்த்து ஆளாக்கிய தாய்மார்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். அனுப்பட்டுமா, வேண்டாமா? காரணம்கூடச் சொல்ல வேண்டாம், ஒரு வரி போதும். சித்திரை பிறப்பதற்குள் கிடைத்தால் உதவியாக இருக்கும்.